ஆடு யாருடையது?

மங்கோலியாவில் புரட்சி நடந்தது எப்போது என்று கேட்டால் அரசாங்கக் காலண்டர் 1921 ஜூலை 11 என்று காட்டும். மக்கள் அரசு பதவியேற்ற நாள் அது. இன்றும் நாதாம் திருவிழா அந்தத் தேதியில்தான் தொடங்குகிறது. மல்யுத்தம், வில்வித்தை, குதிரைப் பந்தயம் என்று நாடே மைதானத்தில் இருக்கும். சரி, 1921-இல் அந்த நாளுக்கு மறுநாள் காலை, தலைநகரிலிருந்து பல நாள் குதிரைப் பயணத் தொலைவில் ஒரு புல்வெளியில் ஆடு ஓட்டிப் போனவனுக்கு என்ன மாறியிருந்தது? அவன் மேய்த்த ஆடு முந்தின நாள் மடாலயத்துடையது. மறுநாளும் மடாலயத்துடையதுதான்.

நான் ஆட்டுக்கிடை போட்ட குடும்பத்திலிருந்து வந்தவன். இந்த நாட்டைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தபோது கட்சி மாநாடுகளின் வரிசை எண்கள் எதுவும் மனதில் நிற்கவில்லை. ஆடு யார் கையில் இருந்தது, குட்டி யாருக்குப் போனது, செத்தால் யார் தலையில் விடிந்தது என்பதுதான் நின்றது. அந்த வழியாகப் பார்த்துக்கொண்டே போனால் மங்கோலியாவின் 20-ஆம் நூற்றாண்டில் இருப்பது ஒரு புரட்சி அல்ல, நாலைந்து. கொடியேற்றிக் கொண்டாடுகிற முதல் புரட்சிதான் அவற்றில் மேய்ப்பவனை ரொம்பக் குறைவாகத் தொட்டது.

அந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே இருந்தவர்கள் சுமார் ஆறரை லட்சம் பேர். மடாலயங்களோ 700 வரை. ஆண்களில் மூன்றில் ஒருவர் லாமா, அதாவது புத்தத் துறவி, என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பெயருக்கு லாமாவாகிவிட்டு வீட்டோடு இருந்து ஆடு மேய்த்தவர்களும் அதில் சேர்த்தி. ஒவ்வொரு மடாலயத்துக்கும் 'ஜஸ்' என்று ஒரு கருவூலம் உண்டு. அதில் பெரும்பங்கு காசு பணமல்ல, கால்நடை. லாமாக்கள் மேய்க்கப் போவதில்லை, மந்தையைப் பிரித்துச் சுற்றுவட்டாரக் குடும்பங்களிடம் விட்டுவிடுவார்கள். எங்கள் பக்கத்தில் ஆடு மாடுகளை வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, விடுவோமே, கிட்டத்தட்ட அதேதான். ஆனால் குட்டியில் சரிபாதி என்ற பேச்சுக்கெல்லாம் அங்கே இடமில்லை. மேய்ப்பவருக்குப் பாலும் கொஞ்சம் கம்பளியும், அடுப்பெரிக்கக் காய்ந்த சாணமும். குட்டி மடாலயத்துக்கு. காணாமல் போன உருப்படிக்கு மேய்ப்பவர் ஈடு கட்ட வேண்டும்.

மடாலயம் ஒரு பக்கம் என்றால் பிரபுக்கள் இன்னொரு பக்கம். சாதாரணக் குடிமகன் தன் பிரபுவின் எல்லையை விட்டு நினைத்தபடி நகர முடியாது. இதற்கு மேல் கடன். தா ஷெங்குய் போன்ற பெரிய சீன வணிக நிறுவனங்கள் பிரபுக்களுக்குத் தேயிலையும் பட்டும் வெள்ளியும் கடனாகக் கொடுத்தன. பிரபு வாங்கிய கடனுக்கு அவர் ஆளுகைக்குட்பட்ட எல்லாக் குடும்பங்களும் பொறுப்பு. பட்டு உடுத்தியவர் ஒருவர், வட்டிக்கு ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்க் கொடுத்தவர் வேறொருவர். முதல் கோபம் லாமாவின் மேல் பாயாமல் வணிகரின் கணக்குப் புத்தகத்தின் மேல் பாய்ந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

அரசியல் கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1911-இல் மங்கோலியாவை ஆண்ட சீனாவின் சிங் பேரரசு ஆட்டம் கண்டபோது மங்கோலியப் பிரபுக்கள் விடுதலையை அறிவித்து, திபெத்தில் பிறந்த மதத் தலைவர் எட்டாவது ஜெப்சுன்தம்பா லாமாவை போக்த் கான் என்ற பெயரில் அரியணையில் அமர்த்தினார்கள். 1919-இல் சீனத் தளபதி ஷூ ஷுஜெங் படையோடு வந்து தன்னாட்சியைப் பிடுங்கிக்கொண்டார். 1921 பிப்ரவரியில் போல்ஷெவிக்குகளை எதிர்த்த ரஷ்ய வெள்ளைப் படைத் தளபதி உங்கெர்ன் தலைநகரைப் பிடித்துச் சீனப் படையைத் துரத்தினார். உங்கெர்னைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கட்டுரை முழுக்க அவரே வந்து உட்கார்ந்துகொள்வார். எழுதுகிறவர்களுக்கு அந்தப் பித்துப்பிடித்த கொலைகாரர் மேல் அப்படி ஒரு மயக்கம். நான் தாண்டிப் போகிறேன். அதே ஆண்டு மார்ச்சில் எல்லை ஊரான கியாக்தாவில் மக்கள் கட்சி கூடியது. கட்சியின் தளபதி சூக்பாத்தரின் படை சோவியத் உதவியோடு புறப்பட்டது. ஜூலையில் ஆட்சி கைமாறியது.

புதிய அரசு செய்த முதல் காரியங்களில் சீன வணிகர்களிடம் இருந்த கடன்களை ரத்து செய்தது ஒன்று. அது பெரிய விடுதலைதான். பிரபுக்களின் பரம்பரை உரிமைகளும் படிப்படியாகப் போயின. ஆனால் போக்த் கானை அப்படியே அரசராக வைத்திருந்தார்கள். 1924 மே மாதம் அவர் இறக்கும்வரை, உயிருள்ள புத்தரை அரியணையில் வைத்துக்கொண்டே ஒரு புரட்சிக் கட்சி மூன்று ஆண்டு ஆட்சி நடத்தியது. அந்த நவம்பரில்தான் குடியரசு வந்தது, தலைநகருக்கு உலான் பாத்தர் என்று பெயரும் வந்தது.

கட்சியைத் தொடங்கியவர்களில் ஏழு பேரை 'முதல் எழுவர்' என்பார்கள். போதோவும் சக்தார்ஜவும் 1922-இல், தன்சான் 1924-இல், அதே கட்சியின் ஆட்சியில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சூக்பாத்தர் 1923-இல் நோயில் இறந்தபோது அவருக்கு வயது 30. லோசோல், தோக்சோம் இருவரையும் பிற்காலக் களையெடுப்பு விழுங்கியது. மிஞ்சியவர் சோய்பல்சான் ஒருவர்தான். சிறுவயதில் மடாலயத்தில் லாமாவாகப் படிக்க வைக்கப்பட்டு, அங்கிருந்து ஓடிவந்தவர் அவர். இது பின்னால் தேவைப்படும்.

மந்தையின் மேல் அரசு கை வைத்தது 1929-இல். மாஸ்கோவின் ஊக்கத்தோடு இடதுசாரிக் குழு கட்சியைக் கைப்பற்றியிருந்தது. முதலில் பிரபுக்கள், உயர்நிலை லாமாக்களின் சொத்துகள் பறிமுதல். பிறகு மடாலய மந்தைகளை எடுத்து ஏழை மேய்ப்பர்களுக்கும் புதிதாகத் தொடங்கிய கூட்டுப் பண்ணைகளுக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். காகிதத்தில் பார்த்தால் இதைவிட நியாயமான காரியம் இருக்க முடியாது. நடந்ததோ வேறு. கூட்டுப் பண்ணைக்குக் கொடுப்பதற்குப் பதில் வெட்டிச் சாப்பிட்டு விடலாம் என்று பலர் ஆட்டை அறுத்தார்கள். பண்ணைக்குப் போன ஆட்டைப் பார்க்க ஆளில்லை. தனியார் வணிகத்தைத் தடை செய்ததில் தேயிலை, மாவு, துணி கிடைக்கவில்லை. மங்கோலியரிடமிருந்து தேநீரைப் பிடுங்கிவிட்டு எந்த ஆட்சியும் நிம்மதியாக இருக்க முடியாது. 1930-இல் சுமார் 2.3 கோடியாக இருந்த கால்நடை 1932-இல் 1.6 கோடிக்கு வந்துவிட்டது. இரண்டே ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு காலி.

1932 ஏப்ரலில் வடக்கே கோவ்ஸ்கோலில் கிளம்பிய கலகம் மேற்கு மாகாணங்கள் பலவற்றுக்குப் பரவியது. லாமாக்கள் தலைமை தாங்கினார்கள், மேய்ப்பர்கள் சேர்ந்துகொண்டார்கள். கட்சி உறுப்பினர்கள் கூட அந்தப் பக்கம் போனார்கள். யாருக்காகப் புரட்சி என்று சொல்லப்பட்டதோ அவர்களே அதற்கு எதிராகத் துப்பாக்கி எடுத்தார்கள். ஆயிரக்கணக்கானவர் செத்தார்கள். கலகத்தை அடக்க ராணுவமும் விமானமும் வந்தன. அதே சமயம் மாஸ்கோவே பின்வாங்கி, கூட்டுப் பண்ணைகளைக் கலைக்கச் சொன்னது. ஆடு மறுபடி மேய்ப்பவர் கைக்கு வந்தது.

அடுத்து வந்த பிரதமர் கெந்தென் 'பணக்காரர் ஆகுங்கள்' என்று மக்களிடம் சொன்னவர். அவர் காலத்தில் மந்தை பெருகத் தொடங்கியது. பிரச்சினை என்னவென்றால் ஸ்டாலினுக்கு வேண்டியிருந்தது மந்தை அல்ல, லாமாக்களின் முடிவு. ஜப்பான் மஞ்சூரியாவில் வந்து உட்கார்ந்துவிட்டது, லாமாக்கள் ஜப்பானின் உளவாளிகள் என்பது மாஸ்கோவின் வாதம். கெந்தென் இழுத்தடித்தார். 1935-இல் மாஸ்கோவில் நடந்த வாக்குவாதத்தில் ஸ்டாலினின் சுங்கானை அவர் உடைத்துவிட்டார் என்று மங்கோலியர்கள் இன்றும் பெருமையாகச் சொல்லும் கதை ஒன்று உண்டு. உண்மையோ பொய்யோ, 1936-இல் பதவி போயிற்று. 1937 நவம்பர் 26 அன்று, அதாவது குடியரசு அறிவிக்கப்பட்டதன் 13-ஆம் ஆண்டு நிறைவு நாளில், மாஸ்கோவில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

உள்ளூரில் அந்த வேலையை முடித்துக் கொடுத்தவர் மடாலயத்திலிருந்து ஓடிவந்த சோய்பல்சான். 1937 செப்டம்பரில் தொடங்கி ஒன்றரை ஆண்டுக்குள் சிறப்பு ஆணையம் ஒன்று 20,000-க்கு மேற்பட்டவர்களுக்கு மரண தண்டனை எழுதியது. அவர்களில் பெரும்பாலோர் லாமாக்கள். ஏழு எட்டு லட்சம் பேர் இருந்த நாட்டில் இது என்ன எண்ணிக்கை என்று யோசித்துப் பாருங்கள். இளம் லாமாக்கள் ராணுவத்துக்கும் தொழிற்கூடங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். மடாலயங்கள் இடிக்கப்பட்டன, எரிக்கப்பட்டன, கிடங்குகளாயின. தலைநகரின் கந்தன் மடாலயத்தில் நின்ற பெரிய அவலோகிதேஸ்வரர் சிலையைக் கழற்றிக் கொண்டு போனார்கள். அந்த மடாலயம் மட்டும் 1944-இல் மறுபடி திறந்தது. அமெரிக்கத் துணை அதிபர் ஹென்றி வாலஸ் வருகிறார், காட்டுவதற்கு ஒன்றாவது வேண்டும் என்பதுதான் காரணமாகச் சொல்லப்படுகிறது.

வாரத்துக்கு ஆடு விட்ட பழைய உரிமையாளர் இப்படித்தான் ஒழிந்தார். அந்த ஏற்பாடு அநியாயமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதை ஒழிக்க இவ்வளவு பேரைக் கொல்ல வேண்டியிருந்தது என்று எழுதுகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை. மந்தைகளில் பெரும்பகுதி மடாலயத்தை விட்டு ஏற்கெனவே போய்விட்டது. 1937-இல் கொன்றது ஆட்டுக்காக அல்ல.

அப்புறம் போர் வந்தது. சோவியத் படைக்குச் சுமார் 5 லட்சம் குதிரைகள் போயின. இறைச்சியும் ஆட்டுத்தோல் கோட்டுகளும் போயின. ஆடு தன்னுடையதாக இருந்தாலும் இத்தனை கிலோ கம்பளி, இத்தனை கிலோ இறைச்சி என்று அரசுக்கு அளந்தே ஆக வேண்டும்.

உண்மையான தலைகீழ் மாற்றம் என்று நான் நினைப்பது 1955-க்கும் 1959-க்கும் இடையில் நடந்தது. இந்த முறை துப்பாக்கி வரவில்லை, வரி வந்தது. தனியாகப் பெரிய மந்தை வைத்திருப்பவருக்கு அளவு கூடும், நெக்தெல் எனும் கூட்டுறவுப் பண்ணையில் சேர்ந்தால் குறையும். ஐந்து ஆண்டில் ஏறக்குறைய எல்லாக் குடும்பமும் உள்ளே வந்துவிட்டது. புல்வளமுள்ள வடக்கில் குடும்பத்துக்கு 50 உருப்படி, கோபிப் பாலைப் பகுதியில் 75, அவ்வளவுதான் சொந்தம். மிச்சமெல்லாம் நெக்தெலுடையது.

மேய்ப்பவர் மாதச் சம்பளக்காரர் ஆனார். மந்தையை இனவாரியாக, வயதுவாரியாகப் பிரித்தார்கள். ஒரு குடும்பத்துக்குத் தாய் ஆடுகள் மட்டும், அடுத்த குடும்பத்துக்குக் கிடாய்கள் மட்டும். நூறு தாய் ஆட்டுக்கு இத்தனை குட்டி பிழைக்க வேண்டும் என்று இலக்கு. குறைந்தால் சொந்த ஆட்டிலிருந்து பிடித்தம். இன்னொரு பக்கம் கால்நடை மருத்துவர் தேடி வந்தார். கூடாரம் மாற்ற லாரி வந்தது. குளிர்காலத்துக்கு வைக்கோல் வந்தது. மாவட்ட மையத்தில் பள்ளி, விடுதி, மருத்துவமனை, கடை, சினிமா காட்டும் மன்றம். வயதானால் ஓய்வூதியம். ஆடு மேய்த்ததற்கு ஓய்வூதியம் என்று கேட்டால் எங்கள் ஊரில் சிரிப்பார்கள்.

சில வருடங்களுக்கு முன் வேலை விஷயமாக உலான் பாத்தர் போயிருந்தபோது, கூட வேலை செய்த நண்பர் ஒரு வார இறுதியில் தோவ் மாகாணத்தில் இருந்த தன் பெரியம்மா வீட்டுக்கு அழைத்துப் போனார். வீடு என்றால் கெர், அந்த வட்டமான கம்பளிக் கூடாரம். தெற்கு பார்த்த கதவு. உள்ளே போனதும் எதிரே வடக்குப் பக்கம்தான் மரியாதைக்குரிய இடம். அங்கே ஆரஞ்சு வண்ணம் பூசிய இரண்டு மரப்பெட்டிகள். ஒன்றின் மேல் சின்னப் புத்தர், எண்ணெய் விளக்கு, ஒரு பிரார்த்தனைச் சக்கரம். அதை ஒட்டியே கண்ணாடிச் சட்டத்துக்குள் நாற்பது ஐம்பது புகைப்படங்கள். சட்டத்தின் மூலையில் சிவப்பு வெல்வெட்டில் குத்தப்பட்ட பதக்கங்கள். எட்டுப் பிள்ளைகள் பெற்ற தாய்க்கு அந்நாளில் அரசு தந்த முதல் நிலைப் பதக்கம் ஒன்று. இன்னொன்று நெக்தெல் காலத்தில் நல்ல மேய்ப்பருக்குக் கொடுத்தது. புத்தரும் பதக்கமும் ஒரே பெட்டியின் மேல் இருப்பது அங்கே யாருக்கும் வினோதமாகப் படவில்லை.

உப்புப் போட்ட பால் தேநீரைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்துக்கொண்டே பெரியம்மா பேச, நண்பர் மொழிபெயர்த்தார். அவருடைய அப்பாவின் அண்ணன் லாமா. 1938-இல் கூட்டிப் போனார்கள், திரும்பவில்லை. வீட்டில் அந்தப் பெயரை 1990 வரை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லையாம். அடுத்த மூச்சிலேயே 1960-ஐ ஒட்டி நடந்த 'பண்பாட்டுப் படையெடுப்பு' பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். ஆசிரியரும் மருத்துவரும் அதிகாரியும் குழுவாகக் கெர் கெர்ராக வருவார்கள். படுக்கையில் வெள்ளை விரிப்பு இருக்கிறதா, ஆளுக்கொரு துண்டு, பல் தூரிகை, சோப்பு இருக்கிறதா, உள்ளாடையில் பேன் இருக்கிறதா, எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிகிறதா என்று சோதனை. முதல் தடவை அவமானத்தில் அழுதிருக்கிறார். பிறகு அவரே அந்தக் குழுவில் சேர்ந்து அடுத்த வீட்டுப் படுக்கையைப் புரட்டிப் பார்க்கப் போயிருக்கிறார். இதைச் சொல்லும்போது விழுந்து விழுந்து சிரித்தார்.

பெரியப்பாவைக் கொன்ற ஆட்சியா, சோப்பும் எழுத்தும் எட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் கொடுத்த ஆட்சியா என்று கேட்டால் அவரிடம் இரண்டுக்கும் தனித்தனி பதில் இல்லை. வெளியிலிருந்து எழுதுகிறவர்கள் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்வது எனக்கு இதனால்தான் எரிச்சலாக இருக்கிறது. 1918-இல் ஆறரை லட்சமாக இருந்த மக்கள்தொகை 1989-இல் 20 லட்சத்தைத் தாண்டியது. கொல்லப்பட்டவர்களின் எண்ணிக்கை இருக்கும் அதே பக்கத்தில்தான் இந்த எண்ணிக்கையும் இருக்கிறது.

1989 டிசம்பர் 10 அன்று உலான் பாத்தரில் சுமார் 200 பேர் கடும் குளிரில் கூடியதுதான் அடுத்த புரட்சியின் தொடக்கம். 1990 மார்ச் 7-ஆம் தேதி சூக்பாத்தர் சதுக்கத்தில் பத்துப் பேர் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். கூட்டம் கட்டுமீறிப் போகவிருந்த ஒரு தருணத்தில் சோரிக் என்ற இளம் விரிவுரையாளர் நண்பர் தோளில் ஏறி எல்லாரையும் அமைதிப்படுத்தினார். பலப்பிரயோகத்துக்கு ஒப்புக்கொள்ள மறுத்த கட்சித் தலைவர் பாத்மோங்க், மார்ச் 9 அன்று தன் அரசியல் குழுவோடு பதவி விலகினார். ஒரு துப்பாக்கிச் சூடு இல்லை. இந்தியத் தூதராக அப்போது அங்கே இருந்தவர் லடாக்கின் குஷோக் பகுலா ரின்போச்சே, அவரே ஒரு லாமா. 1990-லிருந்து பத்து ஆண்டு இருந்து, மூடிக் கிடந்த மடாலயங்கள் திறக்க ஓடியாடி உதவினார். மங்கோலியர்கள் இந்தியாவைப் பற்றிப் பேசினால் பெரும்பாலும் அவர் பெயரில்தான் ஆரம்பிப்பார்கள்.

சோவியத் உதவி சட்டென்று நின்றது. உலான் பாத்தரில் ரேஷன் சீட்டு வந்தது. ஒவ்வொரு குடிமகனுக்கும் 10,000 தூக்ரிக் மதிப்புள்ள பங்குச் சீட்டுகள் கொடுத்து அரசுச் சொத்தைப் பிரித்தார்கள். 1993-க்குள் நெக்தெல்கள் கலைந்து, ஆடு மறுபடி தனி ஆளுக்கு வந்தது. தொழிற்சாலை மூடி வேலை போனவர்களும் ஆட்டை வாங்கிக்கொண்டு புல்வெளிக்குத் திரும்பினார்கள். 1990-இல் ஒன்றரை லட்சம் அளவில் இருந்த மேய்ப்பர்கள் பத்து ஆண்டில் நான்கு லட்சத்தைத் தாண்டினார்கள். உலகத்தில் மற்ற நாடுகள் நகரத்துக்கு ஓடிக்கொண்டிருந்த காலத்தில் இங்கே எதிர்த்திசையில் ஓட்டம்.

நெக்தெலோடு அதன் லாரியும் வைக்கோலும் கால்நடை மருத்துவரும் போயின. கம்பளிக்கு விலை இல்லை, வெள்ளாட்டின் காஷ்மீர் ரோமத்துக்கு இருந்தது. எல்லாரும் வெள்ளாட்டுக்கு மாறினார்கள். 1990-இல் சுமார் 50 லட்சமாக இருந்த வெள்ளாடு 1999-இல் 1.1 கோடி. வெள்ளாடு மேய்ந்த இடம் எப்படி இருக்கும் என்று ஆடு வளர்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆண்டு தொடங்கி மூன்று குளிர்காலம் தொடர்ந்து சூத் அடித்தது. கோடையில் மழை பொய்த்து, குளிர்காலத்தில் பனி கெட்டித்தட்டி, ஆடு குளம்பால் கிளறியும் புல்லை எட்ட முடியாமல் நின்றபடி சாவதுதான் சூத். 1999-இல் 3.3 கோடியைத் தாண்டியிருந்த கால்நடை 2002-இல் 2.4 கோடிக்கும் கீழே வந்தது. 1932-இல் பார்த்ததைப் போன்ற ஒரு சரிவு. அன்று அரசு வந்து எடுத்ததால், இன்று அரசு விலகிப் போனதால். மந்தையை இழந்தவர்கள் கெரைப் பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டு உலான் பாத்தரைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளில் குடியேறினார்கள். 2009–10 குளிர்காலம் சுமார் 1 கோடி உருப்படிகளைக் கொண்டுபோனது, 2023–24 குளிர்காலம் 70 லட்சத்துக்கு மேல்.

இவ்வளவு தடவை கைமாறியது ஆடு மட்டும்தான். புல்லைப் பற்றி யாரும் தீர்க்கவில்லை. முன்பு எந்தக் குடும்பம் எந்த மாதம் எந்தப் பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும் என்று பிரபுவின் ஆட்களும் மடாலயமும் பார்த்துக்கொண்டார்கள். பிறகு நெக்தெல் பார்த்துக்கொண்டது. ஆட்டைச் சுரண்டியவர்களும் ஆட்டுக்கு இலக்கு வைத்தவர்களும், நல்லதோ கெட்டதோ, மேய்ச்சலுக்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். 1992 அரசியலமைப்பு மேய்ச்சல் நிலத்தைத் தனியாருக்குக் கொடுக்கக் கூடாது என்கிறது. சரியான முடிவு என்றுதான் நானும் சொல்வேன். வேலி போட்டால் நாடோடி மேய்ச்சல் அன்றோடு முடிந்தது. ஆனால் யார் எப்போது மேய்க்கலாம் என்பதை நடத்திவைக்க ஆளில்லாமல் போனது. குளிர்காலத்தில் கிடை போடும் இடத்துக்குக் குடும்பத்தின் பெயரில் சான்றிதழ் தருகிறார்கள். அதைச் சுற்றியுள்ள புல்லுக்குத் தருவதில்லை. மழை பொய்த்த ஆண்டில் பக்கத்து மாவட்டத்து மந்தை வந்து, குளிர்காலத்துக்கென்று விட்டுவைத்த புல்லைக் கோடையிலேயே மேய்ந்துவிட்டுப் போனால், சான்றிதழ் வைத்திருப்பவர் மாவட்டத் தலைவரிடம் போய் முறையிடலாம். மாவட்டத் தலைவரோ அடுத்த தேர்தலில் இரண்டு பக்கத்து ஓட்டும் வேண்டியவர். மேய்ச்சல் நிலத்துக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்று பல வருடமாக வரைவுகள் எழுதப்பட்டு நாடாளுமன்றத்துக்குப் போகின்றன. 2019-இல் கால்நடை எண்ணிக்கை 7 கோடியைத் தொட்டது. 1930-இல் இருந்ததைப்போல மூன்று மடங்கு, அதே புல்வெளியில்.